கைம்மொழியும் மொழியே!

மொழி வாயிற் பிறந்து செவியிற் புகுவது என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். உண்மை அதனினும் அகன்றது. ஒரு நெஞ்சில் முளைத்த எண்ணம் இன்னொரு நெஞ்சிற் புகுதற்கு மாந்தர் அமைத்துக்கொண்ட வழியே மொழி. அவ்வழி பெரும்பான்மையோர்க்கு நாவும் செவியுமாக அமைந்தது. சிறுபான்மையோர்க்குக் கையும் கண்ணுமாக அமைந்தது. முன்னதை மொழியென்று போற்றிப் பின்னதை வெறுங் கையாட்டமென்று தள்ளுவது அறியாமை மட்டுமன்று. ஒரு மக்கள் கூட்டத்தின் கைகளைக் கட்டிப்போடும் கொடுமையுமாகும். இக்கொடுமையை ஞாலத்தின் எம்மக்களினும் முந்தி உணரவேண்டியவர் தமிழர். தம் மொழி இழிக்கப்படுவதன் வலி இன்னதென்று அவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

2011ஆம் ஆண்டு மக்கட் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவிப்புலன் குன்றியோர் 50 இலக்கத்துக்கும் மேற்பட்டோர். தமிழ்நாட்டில் மட்டும் அவர்தொகை ஏறத்தாழ 2 இலக்கத்து 20 ஆயிரம். இவருள் முதுமையாற் செவி மங்கியோரும் உளர். நோயாலும் நேர்ச்சியாலும் இடையில் இழந்தோரும் உளர். பிறவியிலேயோ, பேச்சுப் பயிலுமுன் இளமையிலேயோ செவிப்புலன் இன்றி வளர்ந்து, கைகளாற் பேசும் மொழியையே தம் முதன்மொழியாகக் கொண்டோரும் உளர். இவ் இறுதிக் கூட்டத்தாரைப் பற்றியதே இவ் ஆசிரியவுரை.

இவரை ‘ஊமை’ என்பது பழைய வழக்கு. ‘குறையுடையார்’ என்பது அலுவலக வழக்கு. ‘மாற்றுத் திறனாளி’ என்பது அண்மை வழக்கு. முன்னிரண்டும் அவரிடம் இல்லாததைச் சொல்கின்றன. மூன்றாவது, கண்ணிலார் காலிலார் முதலிய அனைவரையும் ஒரே கூட்டில் அடைக்கின்றது. அவரிடம் உள்ளது யாதென்பதை ஒன்றேனும் சொல்லவில்லை. அவரிடம் உள்ளது ஒரு மொழி. சைகை மொழி என்று மக்கள் வழங்கும் அதனைக் கைம்மொழி என்றும், அதனை உடையாரைக் கைம்மொழியர் என்றும் கூறுவதே நேரிது.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் தோன்றியது. ஆவடியிற் போர்வண்டி செய்யும் பெருந்தொழிற்சாலையும் அதே பத்தாண்டில் எழுந்தது. தகடு வெட்டும் பொறியும் உருவழுத்தும் பொறியும் ஓயாது முழங்கும் பட்டறைகளில், அருகில் நிற்பவன் சொல்லுங் கேளாது. அங்கே செவியுடையவனும் கையாலேயே பேசுகின்றான். மேலே பாரந்தூக்கியை இயக்குபவனுக்குக் கீழே நிற்பவன், கையை உயர்த்தியும் தாழ்த்தியும் விரலைச் சுழற்றியுமே ஆணையிடுகின்றான். அவ்வாணையில் ஒரு பிழை நேர்ந்தால் ஓர் உயிர் போகும். ஆகவே அதனைக் கையாட்டமென்று எவனும் நகைப்பதில்லை. அதே பட்டறையிற் கேளாத தொழிலாளி ஒருவன் தன் தோழனோடு கைம்மொழியிற் பேசினால் மட்டும் சுற்றி நிற்பார் முகத்தில் நகை அரும்புகின்றது. முழக்கத்தினூடே பேசுதற்குச் செவியுடையான் கடன் வாங்கிய கை மதிக்கப்படுகின்றது. அக்கையைப் பிறப்புரிமையாக உடையவன் இகழப்படுகின்றான். இஃது என்ன முறை?

இவ்விகழ்ச்சி தெருவோடு நில்லாது பள்ளியினுள்ளும் புகுந்தது. கேளாத குழந்தைக்குக் கையாற் பேசக் கற்பித்தால் வாயாற் பேசும் முயற்சியை அது விட்டுவிடும் என்று அஞ்சி, பிறர் உதடசைவைப் பார்த்துப் பொருளுணரவும், தன் குரலைப் பழக்கிப் பேசவும் மட்டுமே பயிற்றும் முறை நெடுங்காலம் ஓங்கியிருந்தது. அம்முறையால் நன்கு பேசக் கற்றோர் இலரல்லர். அவர்தம் உழைப்பும் அவர்க்குக் கற்பித்தோர் பொறுமையும் போற்றற்குரியன. ஆயினும் உதட்டில் மொழி முழுதும் தெரிவதில்லை. ககரம் அடிநாவும் அடியண்ணமும் பொருந்தப் பிறப்பது. உதட்டைப் பார்த்து அதனை எவரும் காண இயலாது. பகரமும் மகரமும் உதட்டிற் பிறப்பனவாயினும் கண்ணுக்கு ஒன்றேபோல் தோன்றுவன. பாலை என்றாலும் மாலை என்றாலும் உதடு ஒன்றே செய்கின்றது. அதனினும் கொடிது ஒன்றுண்டு. ‘அம்மா’ என்பதும் ‘அப்பா’ என்பதும் உதடுபார்க்கும் குழந்தைக்கு ஒன்றே! தமிழ்க் குழந்தை முதன்முதற் கற்கும் இரு சொற்களையே பிரித்துக் காட்டாத ஒரு வழியை மட்டும் திறந்துவைத்து, மற்றை வழியை அடைத்துவிட்டால், அக்குழந்தையின் நிலை என்னாகும்? 2020இல் நச்சுக்காய்ச்சல் பரவி ஊரெல்லாம் முகமூடி அணிந்த நாளில், உதடு பார்த்தலை மட்டுமே நம்பியிருந்தோர் உற்ற இடரை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

கேளாத குழந்தைகளுட் பெரும்பாலார் கேட்குந் திறனுடைய பெற்றோர்க்கே பிறக்கின்றனர். அப்பெற்றோர் கைம்மொழி அறியார். வீட்டில் தாயின் பேச்சுக் கேளாது; கண்ணாற் காணத்தக்க மொழியும் கிடையாது. மொழி வித்து முளைக்கவேண்டிய முதல் ஐந்தாண்டும் வறிதே கழிகின்றன. செவிப்புலன் இன்மையன்று அக்குழந்தையின் பேரிழப்பு, மொழியின்மையே பேரிழப்பு. முன்னது இயற்கை தந்தது. பின்னது நாம் தருவது.

இவ்விழப்பை ஒரு கொள்கையாகவே ஆக்கிய நிகழ்ச்சி ஐரோப்பாவில் நடந்தது. 18ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தெலெப்பே என்னும் குருவானவர் பாரிசு நகரில் கேளாதார்க்குப் பள்ளி தொடங்கினார். அந்நகர்க் கேளாதாரிடையே முன்னரே வழங்கிய கைம்மொழியைத் தாம் கற்று, அதன் வழியே அவர்க்குக் கற்பித்தார். 1779இல் பியேர் தெலோசு என்னும் கேளாத புத்தகக் கட்டுநர், தம் மக்களின் மொழி முழுமையான மொழியே என்று நிலைநாட்டி நூலெழுதி வெளியிட்டார். அப்பள்ளி வழி வந்த உலோரான் கிளேர் என்னும் கேளாத ஆசிரியர் கடல் கடந்து சென்றார்; 1817இல் அமெரிக்காவின் ஆர்ட்போர்டு நகரிற் கேளாதார் பள்ளி தோன்ற முதலாயினார். ஆசிரியரும் கேளாதார், மாணவரும் கேளாதார், பயிற்றுமொழியும் அவர்தம் மொழி என்று ஒரு பொற்காலம் மலரத் தொடங்கியது.

1880ஆம் ஆண்டு செபுத்தம்பரில் இத்தாலியின் மிலான் நகரிற் கேளாதார் கல்வி மாநாடு கூடியது. வந்தோர் 164 பேர். அவருட் கேளாதார் ஒருவரே! வாய்ப்பேச்சே உயர்ந்தது, கைம்மொழி பள்ளியினின்று விலக்கத்தக்கது என்று அம்மாநாடு முடிவு செய்தது. ஒரு மக்களின் மொழியைப் பற்றிய தீர்ப்பை, அம்மொழியைப் பேசாதார் கூடி எழுதினர். அதன்பின் நாடுதோறும் கைம்மொழி பள்ளியினின்று துரத்தப்பட்டது. கேளாத ஆசிரியர் வேலையிழந்தனர். கைகளை அசைத்த குழந்தைகள் ஒறுக்கப்பட்டனர். இவ் விலக்கீட்டைத் தவறென்று அதே மாநாட்டு மரபினர் வெளிப்படையாகத் தள்ளியது 2010இல், கனடாவின் வான்கூவர் நகரில்! இடையே கழிந்தன 130 ஆண்டுகள். கைம்மொழியோ அழியவில்லை. பள்ளி விடுதியின் இருளிலும், விளையாட்டுத் திடலிலும், ஆசிரியன் முதுகு திரும்பிய நொடியிலும் அது வாழ்ந்தது. ஆணையால் மொழியை அழித்துவிடலாம் என்று எண்ணும் ஆட்சியாளர்க்கு அஃதொரு பாடம்.

கைம்மொழி மொழிதான் என்று நாட்டியவர் வில்லியம் சுடோக்கி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர். 1960இல் அவர் அதன் அமைப்பை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். கை கொள்ளும் வடிவம், அது நிற்கும் இடம், அது செல்லும் அசைவு என்னும் சில உறுப்புகளின் சேர்க்கையால் எண்ணிறந்த சொற்கள் பிறக்கின்றன என்று காட்டினார். எழுத்துகள் எவ்வெவ்விடத்து எவ்வெம்முயற்சியாற் பிறக்கின்றன என்று பிறப்பியலில் வகுத்த தொல்காப்பியரின் நெறியை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. அங்கே அண்ணமும் பல்லும் இதழும். இங்கே நெற்றியும் நெஞ்சும் தோளும். 1965இல், தமிழகம் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கொந்தளித்த அதே ஆண்டில், சுடோக்கி கேளாத துணைவர் இருவரோடு அமெரிக்கக் கைம்மொழிக்கு அகரமுதலி வெளியிட்டார். பின்னர் நிகரகுவா நாட்டில் 1970களின் இறுதியிற் கேளாதார்க்குப் பள்ளிகள் திறக்கப்பட்டபோது, ஒருவரும் கற்பிக்காமலே அங்குக் கூடிய சிறாரிடைப் புதியதொரு கைம்மொழி முளைத்து, இலக்கணத்தோடு வளர்ந்ததை மொழியறிஞர் கண்டனர். மொழி மாந்தன் இயல்பு; வாய் அதன் ஒரு வாயிலே.

மொழி உள்ளவிடத்துப் பண்பாடும் உண்டு. கைம்மொழியர் ஒருவரை விளித்தற்குத் தோளைத் தொடுவர். விளக்கை அணைத்து ஏற்றுவர். பாராட்டுதற்குக் கை தட்டார். இரு கைகளையும் உயர்த்தி அசைப்பர். பெற்றோர் இட்ட பெயரன்றி, அவர்தம் கூட்டம் அவரவர் தோற்றமும் இயல்பும் கண்டு இட்ட கைப்பெயர் ஒன்று ஒவ்வொருவர்க்கும் உண்டு. 1924இல் பாரிசில் தொடங்கிய கேளாதார் உலக விளையாட்டு விழாவில் ஓட்டம் தொடங்க வெடியோசை தேவையில்லை, ஒளியே ஆணை. 1988இல் அமெரிக்கத் தலைநகரிலுள்ள காலடெட்டுப் பல்கலைக்கழகத்திற்குக் கேட்குந் திறனுடைய ஒருவரையே மீண்டும் தலைவராக அமர்த்தியபோது, மாணவர் வாயில்களை அடைத்துக் கிளர்ந்தெழுந்தனர். ஒரு கிழமைக்குள் ஆட்சிக்குழு பணிந்தது. 1864இல் தோன்றிய அக்கழகத்திற்குக் கிங் சார்டன் முதற் கேளாத தலைவரானார். அவர் வேண்டியது இரக்கமன்று; தன்னாட்சி.

இம்மக்களிடைப் பெரியோர் தோன்றினரோ எனின், தோன்றினர். சான் குட்ரிக்கு என்னும் கேளாத இளைஞர் 1782இல் அல்கால் என்னும் விண்மீன் ஒரு கால ஒழுங்கோடு ஒளி மங்குவதைக் கண்டார். மறைக்கும் பொருளொன்று அதனைச் சுற்றுகின்றதோ என்று கரணியமும் கூறினார். 21 அகவையிலேயே மறைந்த அவர் கண்ணே அவர்க்குப் பெருஞ்செல்வம். உருசிய நாட்டுச் சியோல்கோவ்சுகி பத்து அகவை அளவில் நோயாற் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவர். 1903இல் அவர் வெளியிட்ட கணக்கின் மேலேதான் விண்கலங்கள் இன்றும் எழுகின்றன. இவரெல்லாம் தொலைநாட்டார் என்பார், மதுரையைப் பார்க்க! அந்நகர்ச் செர்லின் அனிகா, 2022 மே திங்களிற் பிரேசில் நாட்டில் நடந்த கேளாதார் உலக விளையாட்டு விழாவில், பூப்பந்தாட்டத்தில் மூன்று பொற்பதக்கம் வென்றவர். அவ்வாண்டுக்கான அருச்சுனா விருதும் பெற்றவர். 2023 செபுத்தம்பரில் வழக்குரைஞர் சாரா சன்னி, கைம்மொழி பெயர்ப்பாளர் துணையோடு உச்ச முறைமன்றத்தில் வழக்காடினார்; கேளாத வழக்குரைஞர் ஒருவர் அம்மன்றத்தில் அவ்வாறு வழக்காடியது அதுவே முதன்முறை. தமிழ்த் திரையில் 2007இல் ‘மொழி’ என்னும் பெயரிலேயே கேளாத பெண்ணொருத்தியின் கதை வந்தது. அவ்வுருவைக் கேட்குந் திறனுடையவரே நடித்தார். ஈராண்டு கழித்து ‘நாடோடிகள்’ படத்திற் பேசும் பெண்ணாக நடித்த அபிநயாவோ பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவர். வாய்ப்பு அளித்தால் எல்லை எங்கே உள்ளதென்று அவர் காட்டினார்.

நம் பழம்பனுவல்கள் இம்மக்களை எவ்வாறு கண்டன? உள்ளதை மறையாது கூறுவோம். புறநானூற்றின் 28ஆம் பாட்டு, பயனற்ற பிறப்புகள் என்று எட்டினை எண்ணுமிடத்து ஊமையரையும் செவிடரையும் அவ்வெட்டினுள் வைக்கின்றது. பழமை என்பதற்காக அக்கருத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டுவதில்லை. வள்ளுவரோ வேறு நெறி காட்டினார். நல்லுரை புகாத செவியே, ஓசை கேட்கினும் கேளாச்செவி என்றார். செவிடு என்பதை உறுப்பினின்று நீக்கி உள்ளத்தின்மேல் வைத்த பெருமை அவர்க்குரியது. சொல்லாமலே முகத்தாலும் கண்ணாலும் கருத்துணர்தலைக் குறிப்பறிதல் என்று பெயரிட்டு, பொருட்பாலில் ஒன்றும் இன்பத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரம் செய்தவரும் அவரே. சிலப்பதிகார அரங்கேற்று காதை, ஒற்றைக்கையும் இரட்டைக்கையும், எழிற்கையும் தொழிற்கையும் எனக் கூத்திற் கைகளை வகுத்துப் பேசுகின்றது. கூத்தின் கை வேறு, கைம்மொழி வேறு. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது பிழை. ஆயினும் கை பொருளுரைக்கும் என்பதைக் கண்டு இலக்கணம் வகுத்த மக்கள், கையாற் பேசுவாரை இழித்தல் தம் மரபையே மறுத்தலாகும்.

இனித் தமிழ்ப் பற்றாளர் ஏற்றற்கு அரிதாயினும் ஏற்றே தீரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. தமிழ்நாட்டிற் கேளாதார் பேசுங் கைம்மொழி தமிழின் கிளையன்று. தமிழ்ச் சொற்களைக் கையால் எழுதிக் காட்டுவதுமன்று. அது தனிமொழி, தனி இலக்கணம் உடையது. ஆங்கிலத்தையே பேசும் பிரித்தானியரும் அமெரிக்கரும் ஒருவர் கைம்மொழியை ஒருவர் அறியார். அமெரிக்கக் கைம்மொழியோ பிரெஞ்சுக் கைம்மொழியின் வழித்தோன்றியது. ஆகவே ஆவடியிலோ அம்பத்தூரிலோ தமிழ்த் தாய்க்குப் பிறந்த குழந்தை ஒன்றன் முதன்மொழி, தமிழாக இல்லாதிருத்தல் கூடும். இதனைக் கேட்டுச் சினப்பார் சிலர். சினம் வேண்டா. தாய்மொழிவழிக் கல்வி வேண்டும் என்று நாம் முழங்குவதன் பொருள் யாது? குழந்தைக்கு எம்மொழி எளிதில் இயல்பாக அகத்திற் புகுமோ, அம்மொழியிற் கற்பிக்க என்பதன்றோ? கேட்குங் குழந்தைக்கு அது தமிழ். கேளாத குழந்தைக்கு அது கைம்மொழி. கொள்கை ஒன்றே. ஒருவற்கு வேண்டி மற்றொருவற்கு மறுத்தால் அது கொள்கையன்று, தன்னலம்.

இதனால் தமிழுக்கு இழப்புண்டோ எனின், இல்லை, ஆக்கமே உண்டு. ஒரு மொழி உறுதியாக வேரூன்றிய உள்ளத்தில் இரண்டாவது மொழி எளிதில் வளரும். கைம்மொழியில் உலகை அறிந்த குழந்தை, ‘மரம்’ என்னும் எழுத்துத் தொடரைக் கண்டவுடன் அதற்குரிய கைச்சொல்லோடு பொருத்திக் கொள்ளும். மொழியே இல்லாத குழந்தைக்கோ அது மூன்று கோலமே. கேளாதார் கண்ணாற் படிக்குந் தமிழ், செவியை நம்பாத தமிழ். எழுத்தையே நம்பிய தமிழ். நன்கு கற்பித்தால் அவர் எழுதுந் தமிழ் நம் மொழிக்கு ஒரு புது வளம்.

அறுவை செய்து செவியுட் பொருத்தும் மின்கருவி இக்காலத்துண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இளங்குழந்தைகட்கு அது விலையின்றிப் பொருத்தப்படுகின்றது. நன்று. அதனால் ஓசை பெற்று மகிழ்ந்த குடும்பங்கள் பல. ஆயினும் எல்லாக் குழந்தைக்கும் அது ஒரே பயன் தருவதில்லை. பயன் தெரியும்வரை குழந்தையை மொழியின்றிக் காக்கவைத்தல் தகாது. கருவி வேண்டுமா கைம்மொழி வேண்டுமா என்னும் வினாவே பிழை, இரண்டும் கொடுக்கலாம்.

தமிழகத்திற் கேளாதார் கல்விக்கு நெடிய வரலாறு உண்டு. 1890களிற் பாளையங்கோட்டையில் புளோரன்சு சுவேன்சன் அம்மையார் அதற்கு வித்திட்டார். யாழ்ப்பாணத்துக் கைதடியிலும் கேளாத தமிழ்ச் சிறார்க்குப் பள்ளியுண்டு. சென்னையிற் சாந்தோமிலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பெயர்பெற்ற பள்ளிகள் உள்ளன. மாநிலக் கல்லூரியிற் கேளாத மாணவர்க்கெனப் பட்டப்படிப்பும் உண்டு. இவையெல்லாம் கடலோரமாகவே அமைந்திருத்தலைக் காண்க. பூவிருந்தவல்லியிற் பார்வையற்றோர்க்கு அரசுப் பள்ளி உள்ளது. அது மேற்குப் புறநகர்க்குப் பெருமை. அத்தகு வாய்ப்புக் கேளாத குழந்தைக்கும் அருகிலேயே வேண்டும். ஆவடியினின்று நாள்தோறும் தொடர்வண்டியேறிக் கடற்கரைப் பக்கம் போய் மீள்வது ஐந்து அகவைக் குழந்தைக்கு இயலுமோ?

நடுவணரசு 2015இல் இந்தியக் கைம்மொழி ஆராய்ச்சிக்குத் தில்லியில் ஒரு நடுவம் அமைத்தது. அந்நடுவம் 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கிய அகரமுதலி 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, நாடு முழுதும் கைம்மொழியை ஒருப்படுத்துவோம் என்கின்றது. அகரமுதலியை வரவேற்கின்றோம், ஒருப்படுத்தலை விழிப்போடு நோக்குகின்றோம். 1970களின் இறுதியில் கேளாத அறிஞர் மதன் வசிட்டாவும் அவர் துணைவரும் இந்நாட்டுப் பெருநகர்களின் கைம்மொழிகளை ஆராய்ந்து, அவற்றிடைப் பொதுமை மிகுதியென்றும் இடத்துக்கிடம் வேறுபாடும் உண்டென்றும் கண்டனர். தென்னாட்டுக் கைச்சொற்கள் தலைமுறை தலைமுறையாகப் பள்ளி விடுதிகளில் வளர்ந்தவை. தில்லியில் அச்சான ஒன்றே சரி, நெல்லைக் கிழவர் கையிலுள்ளது பிழை என்னும் நிலை வரலாகாது. பொதுமொழி என்னும் பெயரால் ஊர்மொழியை விழுங்கும் சூழ்ச்சியை வாய்மொழியிற் கண்ட நாம், கைம்மொழியில் அதனைக் காணாது விடலாமோ?

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவது, குழந்தைக்குச் செவிப்புலன் இல்லையென்று மருத்துவர் அறிந்த நாளிலேயே, பெற்றோர்க்கும் குழந்தைக்கும் கைம்மொழி கற்பிக்கும் ஏற்பாடு வட்டந்தோறும் வேண்டும். இரண்டாவது, கைம்மொழியில் தேர்ந்த ஆசிரியரை, அவருள்ளும் மாற்றுத்திறன் உடையாரை, அமர்த்துக என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. கேளாதாரையே ஆசிரியராக அமர்த்தி அதனை நிறைவேற்றுக. அச்சட்டம் செவிப்புலன் குன்றியோர்க்கு அரசுப் பணியில் ஒதுக்கிய நூற்றுக்கு ஒன்றையும் குறையாது நிரப்புக. மூன்றாவது, அரசு மருத்துவமனை, காவல் நிலையம், முறைமன்றம் ஆகியவற்றிற் கைம்மொழி பெயர்ப்பாளர் கிடைக்கச் செய்க. பேறுகாலத்தில் நள்ளிரவில் வந்த கேளாத பெண், தன் வலி எவ்விடத்ததென்று சொல்லவியலாது கிடத்தல் எந்த நாகரிகத்தைச் சேர்ந்தது? நான்காவது, தமிழ்நாட்டுக் கைச்சொற்களைத் தமிழ்நாட்டரசே தொகுக்க. அப்பணிக்குக் கேளாதாரே தலைமை தாங்குக. மிலானில் நடந்தது இங்கு மீண்டும் நடவாதிருக்க அதுவே வழி.

ஐந்தாவது வேண்டுகோள் அரசுக்கன்று, மேடையேறும் அன்பர்க்கு. “ஊமைகளாய் இருப்பதா?” என்றும், “செவிட்டு அரசே” என்றும் முழங்குவதை விடுக. வாயிருந்தும் உரிமைக்குப் பேசாதவனை இடித்துரைக்க வேண்டுமாயின் கோழை என்க. செவியிருந்தும் மக்கள் குறை கேளாத அரசைக் கடிய வேண்டுமாயின் கொடுங்கோல் என்க. அதற்குச் சொல்வளம் தமிழில் நிரம்ப உண்டு. குற்றமற்ற மக்கள் கூட்டம் ஒன்றை வசைச்சொல்லாக்கும் தேவை தமிழுக்கு இல்லை.

ஆண்டுதோறும் செபுத்தம்பர் 23ஆம் நாளை உலகக் கைம்மொழி நாளாக ஒன்றிய நாடுகள் அவை 2018 முதற் கொண்டாடுகின்றது. அந்நாளுக்குக் காத்திருக்க வேண்டா. அடுத்த வீட்டிலும், பணிபுரியும் பட்டறையிலும், அம்பத்தூர் நிலையத்து நடைமேடையிலும் கைம்மொழியர் உளர். அவரிடம் சென்று பத்துச் சொற்களேனும் கற்றுக்கொள்க. ‘வணக்கம்’ என்பதற்கு மட்டும் நமக்கு அம்மொழியிற் புதிதாகக் கற்கவேண்டியது ஏதுமில்லை. இரு கையும் கூப்பினாற் போதும். தமிழர் தம் முதற்சொல்லைக் கையாலேயே சொல்லிப் பழகியவர். எஞ்சிய சொற்களையும் கற்பாராக!